கிராம்பு அடங்கும் நேரம்

குருவிநத்தம்
18 ஏப்ரல் 1938

வள்ளியம்மாளுக்கு,

நீ போய் ஒன்பது நாளாகிறது. சொல்லாமல் போனாய் என்பதை முதலில் குறித்து வைக்கிறேன். மடுகரையிலிருந்து உன் அண்ணன் உலகநாதன் வண்டி அனுப்பியிருக்கிறார். ஏழு வருஷத்துக்கு முன் உழவுக்கு இரண்டே நாள் ஒரு ஜோடி மாடு இரவல் கேட்டேன். மாடு களைத்திருக்கிறது என்றார். உன்னை அழைத்துப் போக மட்டும் அந்த மாடுகளுக்குக் களைப்பு இல்லை போலிருக்கிறது.

நான் கோபத்தில் எழுதவில்லை. நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன், தவறு இருந்தால் நீயே சொல்.

தை மாதம் மூக்கில் ரத்தம் வந்தது. பாகூர் டாக்டர் மூக்குப்பொடியை நிறுத்தச் சொன்னார். பத்தொன்பது வருஷப் பழக்கத்தை ஒரே நாளில் நிறுத்தினேன். பங்குனி பிறந்ததும் எனக்கு வாசனை தெரிய ஆரம்பித்தது. முதலில் சாணம், அப்புறம் ஆற்றுச் சேறு, அப்புறம் வெல்லப் பாகு. நம் வீட்டு மோருக்கு ஒரு வாசனை உண்டு என்று ஒரு நாள் உன்னிடம் சொன்னேன். நீ சிரித்தாய்.

எட்டாம் தேதி ஜமக்காளம் தேடி உன் பெட்டியைத் திறந்தேன். மூடியைத் தூக்கியதும் முகத்தில் வந்து மோதியது. சாம்பிராணி மாதிரி, ஆனால் புகை கிடையாது. அதற்கடியில் லவங்கப்பட்டை. அதற்கும் அடியில், வெயிலில் கிடந்த தோல் போல ஒரு சூடு, கொஞ்சம் இனிப்பு. அரக்குப் புடவையில் அதிகம், அதன் முந்தானையில் இன்னும் அதிகம். எல்லாம் துவைத்து மடித்த புடவைகள். வெளுத்தும் போகாத வாசனை ஒரு நாளில் ஏறியிருக்காது.

அது இன்ன வாசனை என்று எனக்குத் தெரியும். அம்பர். புதுச்சேரியில் வெள்ளைக்காரத் தெருக் கடையில் விற்கும் வாசனைத் தைலம். 1919இல் கப்பல் துறையில் என் சித்தப்பா மகன் சாமிநாதன் என்னைக் கட்டிப்பிடித்து விடைபெற்றபோது அவன் கழுத்திலிருந்து அடித்தது அதுதான். பிரெஞ்சுப் பள்ளியின் பிரெவே பரீட்சையில் அவனுக்கு மேலே தேறியவன் நான். சைகோன் கஜானா வேலை எனக்கு வர வேண்டியது. கப்பலில் ஏறியவன் அவன். அந்த வாசனையோடு கரையில் நின்றவன் நான். பொடி போட ஆரம்பித்தது அந்த மாதம்தான்.

பத்து வருஷம் கழித்து விடுப்பில் வந்தவன், நான் வீட்டில் இல்லாத நேரத்தில் வந்து போனான்.

யார் கொடுத்தது என்று கேட்டேன். அவ்வளவுதான் கேட்டேன். பதிலுக்கு நீ மூட்டை கட்டினாய்.

சிங்காரவேலு

*

மடுகரை
25 ஏப்ரல் 1938

பவுனம்மாள் அப்பாவுக்கு,

கடுதாசி வந்தது. உறை மேல உங்க பேரை நான் எழுத முடியாதுன்னு அண்ணன்தான் எழுதினார். அதுக்கும் ஒரு கோபம் வெச்சிருப்பீங்க, தெரியும்.

"யார் கொடுத்தது என்று கேட்டேன், அவ்வளவுதான்"னு எழுதியிருக்கீங்க. அவ்வளவுதானா? இலையில உக்காந்துக்கினு கேட்டீங்க. நான் வாயைத் திறக்கறதுக்குள்ள "சொல்ல வேணாம், எனக்குத் தெரியும்"னு பாதிச் சோத்துல எழுந்தீங்க. கொல்லையில நின்ன நாத்து நடவு ஆளுங்க காதுல விழற மாதிரி அந்தப் பேரைச் சொன்னீங்க. பேரப்பிள்ளை எடுத்தவ நான்.

நீங்க வீட்டில் இல்லாத நேரத்தில் வந்தாராம். நீங்க கரும்புக் கொல்லையில ஒளிஞ்சிக்கினு இருந்தீங்க. அவர் வரப்போறார்னு தெரிஞ்சதும் சோத்து மூட்டையோட போனவர்தானே? அவர் அவங்க அம்மாவைக் கூட்டிக்கினு வந்து, சாயங்காலம் வரைக்கும் "அண்ணன் வந்துடுவாரு அண்ணி, இன்னும் செத்த நேரம் பாக்கறேன்"னு சொல்லிச் சொல்லி உக்காந்திருந்தார்.

வாசனையைப் பத்தி நான் இப்ப ஒண்ணும் சொல்லப்போறதில்லை. நான் சொன்னா நம்பவா போறீங்க? என் துணியை வெளுக்கற பக்கிரியைப் போய்க் கேளுங்க. அவனுக்குப் பொய் சொல்லி ஆகப்போறது ஒண்ணுமில்லை.

செவலைப் பசுவுக்கு வயிறு ஊதினா ஓமத் தண்ணி பரணையில இடது பக்கம் இருக்குது.

வள்ளியம்மாள்

*

குருவிநத்தம்
4 மே 1938

வள்ளியம்மாளுக்கு,

பக்கிரியைப் பார்த்தேன். அவன் சொன்னதை ஒரு எழுத்துக் கூட்டாமல் குறைக்காமல் எழுதுகிறேன்.

"பக்கிரி, அம்மா புடவையில ஏதாவது வாசனை அடிக்குமா?" என்று கேட்டேன்.

வெள்ளாவிக்கு விறகு தள்ளிக்கொண்டிருந்தவன் நிமிர்ந்து பார்த்தான். "இன்னா ஐயா, இப்பத்தான் கேக்கறீங்க?"

"எத்தனை நாளாக அடிக்கிறது?"

"நாளா? எம் பொண்ணு சமையறதுக்கு முந்தியிலேருந்து, ஒம்பது வருசம் இருக்கும். அம்மா துணிய நான் தனி மூட்டையாத்தான் கட்டுவேன். மத்த வூட்டுத் துணியோட போட்டா ஊரே மணக்குது. ஒரு தபா உங்க வேட்டியும் அதுல சேந்துபோச்சி. நீங்க அதையே கட்டிக்கினு கொம்யூன் ஆபீசுக்குப் போனீங்க. 'இன்னிக்கி ஐயா புது மாப்ள கணக்கா வர்றாரு'ன்னு அங்க ஒரே சிரிப்பாம்."

உள்ளேயிருந்து அவன் பெண்சாதியின் குரல்: "வெள்ளிக்கெழமையில அம்மா முக்குல திரும்பறப்பவே எனக்குத் தெரியுமே. ஐயாவுக்குத் தெரியாதுன்னா சொல்றாரு? அடப் பாவமே!"

என்னைப் பார்த்து ஊரில் யாரும் அடப் பாவமே என்று சொன்னதில்லை. முதல் தடவை.

ஆக, ஒன்பது வருஷமாக இந்த ஊர் முழுக்கத் தெரியும். நெல் அளக்கிறவனுக்குத் தெரியும், கொம்யூன் ஆபீஸ் சேவகனுக்குத் தெரியும். ஒருவன் என்னிடம் சொல்லவில்லை. இவர்களில் யாருக்கெல்லாம் நான் மனு எழுதிக் கொடுத்திருக்கிறேன் என்று நேற்று உட்கார்ந்து நினைத்துப் பார்த்தேன். இனி எழுதுவதாக இல்லை.

ஒளித்து வைத்த பொருளாக இருந்தால் ஊருக்குத் தெரியும்படி நீ நடந்திருக்க மாட்டாய். அந்த மட்டில் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பொருள் எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்குப் பக்கிரியால் பதில் சொல்ல முடியவில்லை. அதை நீதான் சொல்ல வேண்டும்.

பசுவுக்கு ஒன்றுமில்லை.

சிங்காரவேலு

*

மடுகரை
12 மே 1938

பவுனம்மாள் அப்பாவுக்கு,

பொருள் எங்கேருந்து வந்ததுன்னு கேக்கறீங்க. உங்களுக்கு வந்தது. உங்க பேருக்கு.

1929 கார்த்திகை மாசம். அவர் காத்திருந்து காத்திருந்து, போறப்ப நீலக் காகிதம் சுத்தின ஒரு பொட்டலத்தை "அண்ணன்கிட்ட கொடுங்க"ன்னு வெச்சிட்டுப் போனார். நீங்க இருட்டினப்புறம் வந்து கை கழுவினீங்க. "அவர் கொடுத்தார்"னு நீட்டினேன். நீங்க பார்க்கக்கூட இல்லை. "இதை என் கண்ணுல காட்டாதே, ஆத்துல போடு, இல்லன்னா நீயே இன்னாவோ பண்ணிக்கோ"ன்னு சொன்னீங்க. நினைவிருக்குதா? அந்த வேலை போன கதையை நாள் கிழமையோட சொல்லுவீங்களே, இது மட்டும் எப்படி மறந்தது?

நானே இன்னாவோ பண்ணிக்கிட்டேன்.

பிரிச்சுப் பாத்தா சதுரமா ஒரு கண்ணாடிச் சீசா, கனமான மூடி. உள்ளே இளம்பாகு நிறத்துல தண்ணி. கூடவே ஒரு துண்டுச் சீட்டு. உங்க தம்பி கையெழுத்து. "அண்ணனுக்கு. ஒரு துளி போதும். போட்டதும் முடிவு கட்ட வேண்டாம். கிராம்பு அடங்கட்டும்."

முதல் வெள்ளிக்கிழமை தலை முழுகி, காதுக்குப் பின்னால ஒரு துளி வெச்சேன். அய்யோ, மிளகாயும் கிராம்பும் அள்ளிக் கொட்டின மாதிரி. கண்ணுல தண்ணி வந்துடுச்சு. இதை எவ மனுஷி போட்டுக்குவாள்னு நினைச்சேன். சீட்டுல எழுதியிருந்தாரேன்னு பொறுத்திருந்தேன். உலை வெச்சு இறக்கறதுக்குள்ள அது பட்டையா மாறிச்சு. நீங்க சாப்பிட வந்தப்ப சாம்பிராணி. விளக்கு வைக்கறப்ப, எப்படிச் சொல்றது, என் உடம்பு வாசனையே நல்லா இருக்கற மாதிரி ஆயிடுச்சு.

அன்னிக்கு வேணும்னே உங்க பக்கத்துல நின்னேன். குனிஞ்சு ரசம் ஊத்தினேன். விசிறினேன். நீங்க கண்டுபிடிச்சு, எங்க கிடைச்சதுன்னு கேட்டு, ரெண்டு பேரும் ஒரு நல்ல சண்டை போட்டு, கடைசியில அந்தத் தம்பிக்கு ஒரு வரி எழுதுவீங்கன்னு நினைச்சேன். நீங்க பொடியை உறிஞ்சிட்டு வேலை போன கதையைச் சொன்னீங்க.

அடுத்த வெள்ளியும் அப்படியே. அதுக்கடுத்ததும். அப்பத்தான் எனக்குப் புரிஞ்சது. அப்புறம் எனக்காகவே போட்டுக்கிட்டேன். கோடையில போட மாட்டேன், வெயில் பட்டா ஒரு துளி நாலு துளியாயிடும். மார்கழிப் பனியில போட்டா பக்கத்துல வர்றவங்களுக்கு மட்டுந்தான் தெரியும். மல்லிப்பூவோட ஆகாது, ரெண்டும் சண்டை போடும். இதெல்லாம் நானா கத்துக்கிட்டது.

சுத்துக்கேணியில நம்ம பவுனு, குழந்தைக்குத் தூளி கட்ட உங்ககிட்ட காசு கேட்டாளா? என்னோட பழைய புடவைதான் வேணும்னு அடம்பிடிச்சு வாங்கிட்டுப் போனாள். அதுல போட்டாத்தான் பிள்ளை தூங்குதாம். ஏன்னு நீங்க கேக்கவே இல்லை.

பங்குனியில உங்களுக்கு மூக்கு வந்தப்ப எனக்கு வெக்கமா போச்சு. கல்யாணமாகி இருபத்திரெண்டு வருஷம் ஆனவளுக்கு வெக்கம். வருஷப் பிறப்பு அன்னிக்குப் போட்டுக்கிட்டு வந்து நிக்கலாம், அவரா கண்டுபிடிக்கட்டும்னு எடுத்து வெச்சிருந்தேன். கோடையா இருந்தாலும் பரவாயில்லைன்னு. அதுக்கு அஞ்சு நாள் முன்னாடி நீங்க பெட்டியைத் திறந்தீங்க.

என் வருத்தம் இன்னான்னு இப்பவாவது தெரியுதா? ஒன்பது வருஷம் தெரியலைங்கறது இல்லை, அது மூக்கு. வாசனை திரும்பி வந்ததும் அதை வெச்சு நீங்க முதல்ல பண்ணின வேலை இது.

சீசா அடுப்பங்கரையில வெந்தயப் பானைக்குள்ள இருக்குது. நான் எடுத்துக்கிட்டு வரலை. அது உங்க பேருக்கு வந்தது.

வள்ளியம்மாள்

*

குருவிநத்தம்
26 மே 1938

வள்ளியம்மாளுக்கு,

பதில் தாமதம். காரணம் சொல்லிவிடுகிறேன். உன் கடிதம் படித்த அன்று பாகூர் சந்தைக்குப் போய்ப் பொடி மட்டை வாங்கினேன். ஒரு சிட்டிகை போட்டேன். ஒன்றும் தெரியாமல் இருப்பது எவ்வளவு சௌகரியம் என்று அதற்குள் மறந்துவிட்டிருந்தேன். இரண்டு நாள் மோரும் தண்ணீரும் ஒன்றாக இருந்தன. மூன்றாம் நாள் மட்டையைக் கொண்டுபோய் பக்கிரியிடம் கொடுத்தேன். அவன் வாங்கிக்கொண்டு, "அம்மா வர்றாங்களா ஐயா?" என்றான்.

மூக்கு மறுபடி தெளிய ஒரு வாரம் ஆயிற்று. பிறகு வெந்தயப் பானையில் கை விட்டேன். சீசாவும் இருந்தது, சீட்டும் இருந்தது. அவன் கையெழுத்து இன்னும் வலது பக்கம் சாய்ந்துதான் இருக்கிறது.

நேற்று காலை ஏழு மணிக்கு இடது மணிக்கட்டில் ஒரு துளி வைத்தேன். கண்டதைக் கண்டபடி எழுதுகிறேன்.

ஏழு மணி: கிராம்பு, மிளகு. அடுத்தடுத்து மூன்று தும்மல். கையை உடனே கழுவத் தோன்றியது. சீட்டை நினைத்துக் கழுவவில்லை.

ஏழரை: கிராம்பு பாதி அடங்கிவிட்டது. பட்டை. காய்ந்த நாரத்தைத் தோல். பல்லால் கடித்த ஏலக்காய்.

ஒன்பது: கிராம்பு அறவே இல்லை. சாம்பிராணி வந்துவிட்டது. எரிக்காத சாம்பிராணி, உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தால் வருமே, அது.

பன்னிரண்டு: கரும்புக் கொல்லையில் வியர்த்ததும் நாலு மடங்காகப் பெருகியது. நீ எழுதியது சரி. களை வெட்டிய பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருத்தி, "அம்மா வந்துட்டாங்களா?" என்று சுற்றுமுற்றும் தேடினாள்.

நாலு: அடியில் இருந்தது மேலே வந்துவிட்டது. சூடு, லேசான இனிப்பு, கொஞ்சம் உப்பு. அம்பர் என்பது இதுதான். இரவு படுக்கும் வரை இருந்தது. இன்று குளித்த பிறகும், மணிக்கட்டை மூக்கில் அழுத்தினால் இருக்கிறது.

ஒன்று கவனித்தேன். உன் பெட்டியைத் திறந்து மறுபடி பார்த்தேன். இந்த முறை ஜமக்காளம் தேடவில்லை. உன் புடவையில் இருப்பதும் என் கையில் மிச்சமிருப்பதும் ஒன்றல்ல. என் கையில் அது பழைய புத்தகம் போல வறண்டு கிடக்கிறது. உன்னுடையதில் மஞ்சள் இருக்கிறது, நெய் இருக்கிறது, இன்னும் எனக்குப் பெயர் தெரியாத ஒன்று இருக்கிறது. கப்பல் துறையில் சாமிநாதனிடம் அடித்தது இரண்டும் இல்லை, அதில் சுருட்டுப் புகை கலந்திருந்தது. சீசா ஒன்றானாலும் ஆளுக்கு ஆள் வேறாகிறது. ஆக, அன்று பெட்டியில் நான் கண்டது அவன் வாசனை இல்லை. உன்னுடையது.

சிங்காரவேலு

*

மடுகரை
1 ஜூன் 1938

பவுனம்மாள் அப்பாவுக்கு,

நல்லா எழுதியிருக்கீங்க. பரீட்சைப் பேப்பர் மாதிரி. மணிக்கு மணி. அண்ணிகிட்டப் படிச்சுக் காட்டினேன். களை வெட்டறவ தேடின இடத்துல ரெண்டு பேரும் சிரிச்சு எனக்கு விக்கல் எடுத்துடுச்சு.

ஆனா ரெண்டு தடவை படிச்சுப் பாத்தேன். அதுல ஒரு வரி இல்லை. கிராம்பு இருக்குது, நாரத்தைத் தோல் இருக்குது. அந்த வரி இல்லை. இன்னா வரின்னு நான் சொல்ல மாட்டேன். உங்களை விடப் படிச்சவங்க இந்தப் பக்கத்துல யாரும் இல்லை.

அந்த வரி இல்லாம நான் வரதா இல்லை. அண்ணன் வீட்டுல எனக்கு ஒரு குறையும் இல்லை.

வள்ளியம்மாள்

*

குருவிநத்தம்
9 ஜூன் 1938

வள்ளிக்கு,

தப்பு என்னுடையது.

மூன்று தாள் கிழித்தேன். முதல் தாளில் அந்த வரிக்குப் பிறகு "ஆனால்" என்று எழுதியிருந்தேன். இரண்டாவதில் உலகநாதனின் மாடு வந்துவிட்டது. மூன்றாவதில் சைகோன் வந்தது. எப்படி ஆரம்பித்தாலும் கை அங்கேயே போகிறது. அதனால் இதோடு நிறுத்திக்கொள்கிறேன். நடவு ஆட்கள் முன்னால் சொன்னேன். அவர்கள் நேற்று நாற்றுப் பறிக்க வந்தார்கள், அவர்கள் முன்னாலேயே சொன்னேன். அவர்கள் வேலையை நிறுத்தவில்லை, ஆனால் கேட்டார்கள்.

சாமிநாதனுக்கு நாலு வரி எழுதித் தபாலில் சேர்த்தேன். சீசா கிடைத்தது என்று. ஒன்பது வருஷத் தாமதத்துக்குக் காரணம் எழுதவில்லை. கப்பலில் போய்ச் சேர ஒரு மாதம் ஆகும். எழுதியதால் அவனை மன்னித்துவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். கிடைத்தது என்றுதான் எழுதினேன்.

பக்கிரி தன் மருமகனைப் பார்க்க மடுகரை வருகிறான். சீசாவை அவனிடம் கொடுத்தனுப்புகிறேன். சிறுவிரல் நகம் அளவுதான் மிச்சம் இருக்கிறது. என் பேருக்கு வந்தது என்றாய். வாங்கிக்கொண்டேன். இப்போது நான் உனக்குக் கொடுக்கிறேன்.

சிங்காரவேலு

*

மடுகரை
14 ஜூன் 1938

பவுனம்மாள் அப்பாவுக்கு,

பக்கிரி வந்து சேர்ந்தான். நடுவுல இங்கிலீஷ்காரன் எல்லையில சுங்கச் சாவடிக்காரன் மூட்டையை மோந்து பாத்துட்டு "யாருக்குடா கல்யாணம்?"னு கேட்டானாம். "எங்க ஐயாவுக்கு"ன்னு சொல்லிட்டு வந்திருக்கான். அவனை நான் ஒண்ணும் திட்டலை.

வெள்ளிக்கிழமை அண்ணன் வண்டியில வரேன். காலையில ஆறு மணிக்குக் கிளம்பினா ஒன்பதரைக்கு வந்துடலாம். அண்ணன் மாடுன்னு முகத்தைத் தூக்கி வெச்சுக்காதீங்க.

வாசல்ல நிக்க வேணாம். கூடத்துல கொல்லைப் பக்கம் முதுகு காட்டி உக்காந்திருங்க. வண்டியைத் தெருக்கோடியிலயே நிறுத்தச் சொல்லிட்டு நான் கொல்லை வழியா வருவேன். கொலுசைக் கழட்டிடுவேன். குரல் கொடுக்க மாட்டேன். திரும்பிப் பாக்கக் கூடாது. நான் வந்திருக்கேனா இல்லையான்னு நீங்களே சொல்லணும்.

ஒன்பது வருஷம் நான் காத்திருந்தேன். நீங்க ஒரு காலை நேரம் காத்திருங்க.

வள்ளியம்மாள்

*

குருவிநத்தம்
17 ஜூன் 1938, வெள்ளிக்கிழமை

வள்ளிக்கு,

இதைத் தபாலில் சேர்க்கப் போவதில்லை. சும்மா உட்கார்ந்திருந்தால் திரும்பிப் பார்த்துவிடுவேன் என்று பயந்து பேனாவை எடுத்தேன்.

கூடத்தில், சொன்னபடி, முதுகு காட்டி உட்கார்ந்திருக்கிறேன். மணி ஒன்பது. காலையில் தலை முழுகினேன். அடுப்பங்கரையை நானே கழுவினேன், வேறு வாசனை குறுக்கே வரக் கூடாதென்று. ஊதுவத்தி வைக்கவில்லை. இப்போது தெரிவது: ஈரத் தரை, மாட்டுக் கொட்டகை, மை.

கணக்குப் போட்டு வைத்திருக்கிறேன். ஆறு மணிக்கு மடுகரையில் போட்டுக்கொண்டு ஏறினாயானால் எல்லைக்கு வருமுன் கிராம்பு அடங்கிவிடும். இங்கே வந்து சேரும்போது சாம்பிராணிதான் இருக்கும். வண்டிப் புழுதியும் அண்ணன் வீட்டுப் புகையும் கலந்திருந்தால் தவறிப்போகலாம். அந்தப் பயம் இருக்கிறது. பரீட்சை ஹாலில் கூட இப்படிக் கை வியர்த்ததில்லை.

ஒன்பதரை. தெருக்கோடியில் மாட்டு மணி கேட்டு நின்றுவிட்டது. அது யார் வண்டியாகவும் இருக்கலாம்.

ஒன்பதே முக்கால். கொல்லைப் படல் சத்தம். காற்றாகவும் இருக்கலாம். சாம்பிராணியைத் தேடுகிறேன். இல்லை. பட்டை இல்லை. ஈரத் தரை, கொட்டகை, மை.

இல்லை. இரு.

கிராம்பு.

கிராம்பும் மிளகும், கண் கரிக்கும்படி. இதற்கு மூன்று மணி நேரம் ஆகியிருக்க முடியாது. மூன்று நிமிஷம் கூட இராது. வழியில் போட்டுக்கொள்ளவில்லை நீ. சீசாவை மடியில் வைத்துக்கொண்டு வந்து, கிணற்றடியில் நின்று, இப்போதுதான், எனக்காக

தும்மல் வருகிறது. பேனாவை வைக்கிறேன்.